ஆப்பு என்றாரா, ஆக்கு என்றாரா

தங்கமணியின் ஆறு வருஷ உழைப்பு ஒரே ஓர் எழுத்தில் வந்து மாட்டிக்கொண்டது. இப்படிச் சொன்னால், ஏதோ விண்ணப்பத்தில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் போல என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அந்த எழுத்து காதில் விழுந்த எழுத்து.

நான் அழகர்சாமி. திருமங்கலத்துப் பக்கம் சொந்த ஊர். ஓசூர் சிப்காட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகப் பதினோரு வருஷம் இருந்தேன். வருகைப் பதிவு, லீவு, ஈ.எஸ்.ஐ. படிவம் எல்லாம் என் மேஜையில்தான். அதோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. தகராறு, விபத்து என்று ஏதாவது நடந்தால் வாக்குமூலம் எழுதுவது. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குய்யா" என்பார் மேனேஜர் மாதவன். அந்த ஒரு பாராட்டுக்கு மயங்கி எவ்வளவு காகிதம் எழுதித் தள்ளினேன் என்று நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

தங்கமணி 2000-ல் காண்ட்ராக்டில் சேர்ந்தாள். சாமல்பட்டிக்காரி. வீட்டுக்காரர் சூளகிரியில் லோடு ஆட்டோ ஓட்டினார். பெண்களைப் பிரஸ்ஸில் உட்கார வைக்கலாமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. பேக்கிங்கில் போட்டிருந்த இவளை ஆள் பற்றாக்குறையில் ஒருநாள் அறுபத்துமூணு டன் பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் எழுப்ப மனம் வரவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. தகட்டை டை என்கிற அச்சின் மேல் வைக்க வேண்டும், இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்த வேண்டும், மேலே இருக்கிற ராம் என்கிற இரும்புத் தலை இறங்கி அடிக்கும். ஒரு ஷிப்டில் ஆயிரத்து எண்ணூறு தடவை இதையே செய்ய வேண்டும். எனக்கென்றால் மூன்றாம் நாளே கை கழன்றிருக்கும்.

ஒருமுறை சரியில்லாத பீஸ்களை நல்லதோடு கலந்து அனுப்பச் சொன்னார் சூப்பர்வைசர். இவள் மறுபேச்சுப் பேசவில்லை. தலையாட்டிவிட்டு, அந்த ட்ரேயைத் தனியாக வைத்து அதன் மேல் சாக்பீஸால் 'இது வேணாம்' என்று எழுதிவிட்டாள். லாரி ஏற்ற வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ட்ரேயைத் தொடவே இல்லை. சூப்பர்வைசர் ஒரு மாசம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வந்தபோது தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. பக்கத்து மெஷின் கெம்பம்மா தளிக்காரி, வீட்டுப் பேச்சு கன்னடம். தகட்டுக் கட்டு வந்து இறங்கியதும் கெம்பம்மா திரும்பி, "ஆக்கக்கா!" என்பாள். போடு, மெஷினை ஓட்டு என்று அர்த்தம். ஹாக்கு என்று சொல்ல வேண்டியதைத் தளிப்பக்கத்துக்காரர்கள் ஆக்கு என்பார்கள். நாலு வருஷம் அந்த ஒரு சொல்லோடுதான் இவள் ஷிப்டைத் தொடங்கினாள்.

மெஷினில் அச்சைப் பொருத்துகிற டை செட்டர் திம்மராயன் பேரிகைப் பக்கம். வீட்டில் தெலுங்கு. பத்தொன்பது வருஷ சர்வீஸ், பர்மனென்ட் ஆள். நாள் முழுக்க எங்களோடு தமிழில்தான் பேசுவார், அதுவும் கொஞ்சமாகத்தான். தெலுங்கில் நிறுத்து என்பதற்கு ஆப்பு என்பார்கள். தெற்கிலிருந்து போன நாங்கள் கேன்டீனில் அதை வைத்து நிறையக் கேலி செய்திருக்கிறோம். "தண்ணிக் குழாயை ஆப்பு" என்று யாராவது சொன்னால், "யாருக்குய்யா ஆப்பு?" என்று சிரிப்போம். அது கடைசிவரை சிரிக்கிற விஷயமாகவே இருந்திருக்கலாம்.

2006 ஆகஸ்ட். ஏழு காண்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று முடிவாகிப் பட்டியலும் தயாராகிவிட்டது. மாசக் கடைசியில் போர்டில் ஒட்டுவார்கள். ஏழில் ஒரே ஒரு பெண், தங்கமணி. பட்டியலை டைப் அடித்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். அவளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. வாரிசு நியமனப் படிவத்தில் மகள் வினிதா பெயரைப் போட ரேஷன் கார்டு நகல் போதுமா, பிறப்புச் சான்றிதழ் வேண்டுமா என்று இரண்டு தடவை வந்து கேட்டாள். கேட்டுவிட்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று வெட்கப்பட்டுக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குச் சற்று முன்னால் அது நடந்தது. டைக்குள் ஒரு பீஸ் சிக்கிக்கொண்டது. திம்மராயன் வந்தார். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். மோட்டாரை நிறுத்து. மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டையை ராமுக்கு அடியில் நிறுத்து. பிறகு கையை விடு. மஞ்சள் கட்டை கண்ணில் பட்டால் எவரும் பட்டன் பக்கம் போகமாட்டார்கள். ஆனால் அதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகும், பத்து நிமிஷத்தில் நாற்பது பீஸ் போய்விடும். மோட்டாரை நிறுத்த வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவைத்திருந்தார். கட்டையோ அங்கே இல்லவே இல்லை. தண்ணீர் டேங்க் ஸ்டாண்டின் ஒரு கால் ஆடுகிறதென்று அதன் அடியில் கொண்டுபோய்ச் சொருகி எட்டு மாசம் ஆகியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் குடித்தோம். நானும்தான்.

திம்மராயன் குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, தங்கமணி பட்டனை விட்டு விட்டு அழுத்தினாள். அப்படி அழுத்தினால் ராம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். "கொஞ்சம்... கொஞ்சம்..." என்று வந்துகொண்டிருந்த குரல் திடீரென்று கத்தியது. சிக்கின பீஸ் ஓரத்தில் எழும்பியதைப் பார்த்திருக்கிறார். பிடுங்கிவிடலாம் என்று கையும் போய்விட்டது. கை போகும்போதே வாய் கத்தியிருக்கிறது. பதற்றத்தில் வருவது பெற்ற தாயின் பாஷைதான்.

"ஆப்பு!"

சுற்றிலும் பதினான்கு பிரஸ்கள் இடித்துக்கொண்டிருந்தன. தங்கமணியின் காதில் விழுந்தது "ஆக்கு." இரண்டு கையாலும் அழுத்தினாள்.

இடது கையில் இரண்டு விரல் போனது. அடுத்து வந்த அலறலுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் மேனேஜர். சனிக்கிழமை பத்து மணிக்கு அரசாங்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் இரண்டு பேர் வாக்குமூலமும் கையில் இருக்க வேண்டும் என்றார். திம்மராயன் தலையணையில் சாய்ந்திருந்தார். கையில் தலைப்பாகை அளவுக்குக் கட்டு.

"எழுதிக்கங்க சார். நான்தான் ஆக்குன்னு சொன்னன். அந்தம்மா அழுத்திச்சு. அது மேல தப்பு இல்ல."

"நீங்க ஆப்புன்னு கத்துனதா கெம்பம்மா சொல்றாளே."

"கெம்பம்மா அவ மெஷின்ல இருந்தா. அவளுக்கு இன்னா தெரியும்?" கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குப் பத்தொம்பது வருசம் ஆச்சு சார். என்னை வேலையை விட்டு எவன் எடுப்பான்? அந்தம்மா பேரு லிஸ்ட்ல இருக்குது. அது நிக்கணும். நீங்க அதுகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க, ஒத்துக்காது."

நான் எழுதினேன். வலது கையால் கையெழுத்துப் போட்டார். என்னை எவன் எடுப்பான் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவருக்குக் கொடுக்க வேண்டிய சார்ஜ் ஷீட்டை முந்தின நாள் சாயங்காலமே நான் டைப் அடித்திருந்தேன்; அது மேனேஜரின் டிராயரில் கிடந்தது. கவனக்குறைவாக மெஷினை ஓட்டச் சொன்னார் என்பது குற்றம்; அவரை யாரும் கேட்கும் முன்பே எழுதியது. சம்பளம் கூடுதலான பழைய ஆள், இனி கையும் சரியில்லை. கம்பெனிக்கு இதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்குமா? இதை அவரிடம் சொல்லாமலே நான் பஸ் ஏறினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், சூப்பர்வைசர், நான், எதிரே தங்கமணி. அவள் முந்தின ராத்திரி தூங்கவில்லை என்று முகமே சொன்னது. மாதவன் சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. குரலில் சர்க்கரை போட்டுத்தான் பேசுவார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. திம்மராயனே ஒத்துக்கிட்டார். அவர் ஓட்டச் சொன்னார், நீங்க ஓட்டினீங்க. அவ்வளவுதான். இதுல ஒரு கையெழுத்து."

டைப் அடித்த தாளையும் ஆஸ்பத்திரியில் நான் எழுதி வந்த தாளையும் அவள் பக்கம் தள்ளினார். அவள் இரண்டையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அவரு வாயால சொன்னதா சார்?"

"ஆமா" என்றேன். பொய்யில்லையே.

மறுபடி படித்தாள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். சூப்பர்வைசர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எடுத்த பேனாவைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், ஒன்னு கேக்கறன். கையை டைக்குள்ள வெச்சிக்கினு எந்த மனுசனாவது மெஷினைப் போடுன்னு சொல்லுவானா?"

நான் எழுதிய தாள், நானே முத்து முத்தாக எழுதியது, இந்த ஒரு கேள்விக்குத் தாங்கவில்லை. எழுதும்போது எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தோன்றியிருக்கும். தோன்றக்கூடாது என்று இருந்திருப்பேன்.

"அவர் கவனக்குறைவா..." என்று சூப்பர்வைசர் தொடங்கினார்.

"கவனம் இல்லைன்னா கையை வெப்பாங்க சார். போடுன்னு சொல்லமாட்டாங்க." தாளைத் தள்ளி வைத்தாள். "அவரு ஆப்புன்னாரு. எங்காதுல ஆக்குன்னு விழுந்துச்சு. நாலு வருசமா அந்தச் சொல்லுக்கு அழுத்தி அழுத்தி எங்கை பழகிப்போச்சு. யோசிக்கறதுக்குள்ள கை பட்டனுக்குப் போயிடுச்சு. இதத்தான் நான் எழுதித் தருவன்."

மேனேஜர் இரண்டு தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தங்கமணி, லிஸ்ட் இன்னும் ஒட்டல. ஒரு ஆளை ஊனமாக்கினேன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா நான் என்ன பண்ண முடியும்? பத்து நிமிஷம் யோசிங்க." சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் அவளும் மட்டும் அறையில் இருந்தோம்.

"நான் இதுல போட்டுட்டா அவருக்கு இன்னா ஆகும்ண்ணா?"

மற்றவர்கள் முன்னால் சார், ஆள் இல்லாதபோது அண்ணா. நான் கதவைப் பார்த்தேன். "சார்ஜ் ஷீட் அடிச்சாச்சு" என்றேன், உதடு அசையாமல். "போடலேன்னா உனக்குப் போயிரும்."

அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துச் சத்தம் வராமல் அழுதாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் லிஸ்ட்ல பேரு வந்துட்டுதுன்னு சொல்லிட்டன்ண்ணா. வேலை கெடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லாதன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நான்தான் வாயை வெச்சிக்கினு சும்மா இல்ல." டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

கதவு திறந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். "நான் சொல்றத எழுதச் சொல்லுங்க சார்" என்றாள் மேனேஜரிடம்.

எழுதினேன். ஆப்பு, ஆக்கு, பதினான்கு மெஷின் சத்தம், கெம்பம்மா, எல்லாம் அவள் சொன்னபடி. முடிக்கப் போகும்போது சொன்னாள்: "மோட்டாரு ஓடிக்கினு இருந்துச்சு. கட்டை இல்ல. கட்டை தண்ணி டேங்குக்கு அடியில இருக்குது. அதையும் எழுதுங்க."

பேனாவை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தேன். "அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார், அதே இனிமையோடு. நான், வழக்கமாக எல்லா வாக்குமூலத்திலும் எழுதுகிற கடைசி வரியை எழுதினேன். 'வேறு எதுவும் சொல்வதற்கில்லை.'

அவள் படித்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டு, கோணல் மாணலாக எழுதினாள். 'சொல்ல இருக்கு. கட்டை தண்ணி டேங்க் அடில இருக்குது. எட்டு மாசம்.' கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். சனிக்கிழமை அவள் வர வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் உள்ளே போனபோது மஞ்சள் கட்டை மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. புது பெயின்ட், வாசனை இன்னும் போகவில்லை. டேங்க் ஸ்டாண்டுக்கு அடியில் நாலு செங்கல். இன்ஸ்பெக்டர் வந்தார், அதிகம் பேசாத வயதான மனிதர். இரண்டு வாக்குமூலத்தையும் நின்றுகொண்டே படித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டு பேரும் என் தப்பு, என் தப்புன்னு எழுதியிருக்காங்க. இந்தச் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன்." பிறகு தங்கமணியின் கோணல் வரியில் விரலை வைத்தார். சுற்றிப் பார்த்தார். மேனேஜர் இருந்தார், சூப்பர்வைசர் இருந்தார். அவர்களைக் கேட்டுப் பயனில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஃபைலோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆபீஸ் ஸ்டாஃப்தானே? இந்தக் கட்டை எப்பவும் இங்கதான் இருக்குமா?"

பக்கத்து மெஷினில் கெம்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் எனக்காகக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, நிஜமாகவே காத்திருந்தார். உண்மை வாய் வரை வந்தது. வீட்டு வாடகை, பையன் பள்ளிக்கூடம், மேனேஜரின் இனிமையான முகம் எல்லாம் சேர்ந்து வந்து அதை அமுக்கிவிட்டன.

"இங்கதான் சார் இருக்கும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

தங்கமணி தன் தப்பை எழுதிக் கொடுத்திருந்ததால் திம்மராயன் மேல் சார்ஜ் ஷீட் போட முடியவில்லை. டிராயரிலிருந்த தாளை மேனேஜர் என்னிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். திம்மராயனை ஸ்டோரில் போட்டார்கள், ரிட்டயர் ஆகிறவரை அங்கேயே இருந்தார். மாசக் கடைசியில் போர்டில் ஆறு பெயர்தான் ஒட்டினார்கள். ஏழாவது பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக டைப் அடித்ததும் நான்தான்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் காலையில் சூளகிரி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். நீல சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தாள். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி, அவர்களுடைய பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். வினிதா பத்தாவது போய்விட்டாளாம். புதிதாக வருகிற பெண்களுக்கு மெஷினில் பழக்கிக் கொடுக்கிற வேலை.

"நான் மொதல்ல சொல்றது ஒன்னுதாண்ணா. மெஷின்கிட்ட வாய்ப்பேச்சு வேணாம். கையைத் தூக்குனா நிறுத்து. தூக்குன கை இறங்குற வரைக்கும் பட்டன் பக்கம் போவாத. எந்த ஊர்ப் பொண்ணா இருந்தாலும் அது புரியுதில்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் போட்டேன்.

"அன்னைக்கு இன்ஸ்பெக்டர் என்கிட்ட கட்டையப் பத்திக் கேட்டாரு, தங்கமணி."

"தெரியும்ண்ணா. கெம்பம்மா சொன்னா."

"நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை விடுங்க என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். நம் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாண்ணா" என்றாள். "சொல்லியிருக்கணும்."

கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.